டன்மோரின் முன் சீற்

"காரைத் தூக்கிவிடவோ அண்ணை?" என்று கேட்டபடியே மிதுசன் மௌஸை நகர்த்தினான். திரையில் மிருணாளினியின் தோளைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு ஊர்ந்து, கழுத்தருகே வந்து நின்றது.

கிருஷிகன் வாசலைப் பார்த்தான். கடைக்கு வெளியே ஒரு வானிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் அந்த அச்சுக்கடையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ்கள். மற்றப் பக்கச் சுவரில் கண்ணீர் அஞ்சலிகள். நடுவில் மிதுசனின் கணினி. எந்தச் சுவருக்கு வந்த ஆள் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான் போல. கிருஷிகன் உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டான்.

"காரை எடு," என்றான் கிருஷிகன் கடைசியில்.

"எடுக்கலாம். ஆனால் படம் காணாது அண்ணை. வட்சப்பிலை வந்த படம். பெருப்பிச்சால் முகம் கட்டம் கட்டமா உடையும். ஒறிஜினல் இல்லையோ?"

"இல்லை."

"அக்காவின்ரை போனிலை இருக்குமே?"

மிருணாளினியின் போன் கிருஷிகனின் காற்சட்டைப் பையில்தான் இருந்தது. அதைத் திறக்கிற இலக்கம் அவனுக்குத் தெரியாது. ஆறு வருடம் குடும்பம் நடத்தியவன், மனைவியின் போனைத் திறக்கத் தெரியாது என்று அச்சுக்கடையில் சொல்ல முடியுமா? முந்தநாள் வேலையிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மூளையில் நாளம் வெடித்ததாகச் சொன்னார்கள். அவள் போனபிறகும் போன் மட்டும் அவன் தொடையில் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே குழுவின் பெயர்தான்: டன்மோர்.

"கலியாணப் படம் ஒண்டைப் போடுவமோ? சாறியோடை வடிவா இருக்கும்."

"மாமி இதைத்தான் போடச் சொன்னவ."

சொன்னது உண்மை. காலையில் மிருணாளினியின் தாய், மாமி சாரதாதேவி, அழுகைக்கு நடுவில் தெளிவாகச் சொல்லியிருந்தா. "அந்தச் சிரிச்ச படத்தைப் போடுங்கோ தம்பி. அவள் அப்பிடித்தான்."

அவள் அப்பிடித்தான். கிருஷிகன் அதையே காலையிலிருந்து மென்றுகொண்டிருந்தான். கலியாணப் படங்களில் அவள் பல்லுக்கொதியைப் பொறுத்துக்கொள்கிறவள் மாதிரி நிற்பாள். அவன் எடுத்த படங்களில் கண்ணை மூடியிருப்பாள், இல்லாவிட்டால் "காணும் கிருஷி, எடுத்தது காணும்" என்று கையை நீட்டியிருப்பாள். இந்தப் படத்தில் மட்டும் பல் முழுவதும் தெரிய, கண் இடுங்க, தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தாள். கையில் பெரிய தண்ணீர்க் கலன். பின்னால் அவளுடைய காரின் கதவு. அவள் கமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில், யாரையோ பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு வருடமாக அது அவளுடைய வட்சப் படம். நகத்தளவு வட்டத்துக்குள் அவள் சிரிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஒருமுறை, யார் எடுத்தது என்று கேட்டான். "குறூப்பிலை ஒராள்," என்றாள். எந்த ஆள் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வெளியே போய் மாமிக்குப் போன் எடுத்தான். "மாமி, அந்தப் பொடியன்... தனோஜன். நம்பர் இருக்கோ?"

மாமி எதையும் பார்க்கவில்லை. பாடமாக்கியிருந்த இலக்கங்களைச் சோடி சோடியாகப் பிரெஞ்சில் சொன்னா. பிறகு, "பாவம் அது, விடியத் துவங்கி அழுதுகொண்டிருக்குது," என்றா.

முந்தநாள் தொடங்கி இன்றுவரை கிருஷிகன் அழவில்லை. அதையும் மாமி கவனித்திருப்பா.

தனோஜன் முதல் மணியிலேயே எடுத்தான். "அண்ணை."

"ஒரு படம் வேணும்."

"ஓம் அண்ணை. எது எண்டு விளங்குது. இப்ப அனுப்பிறன்."

எந்தப் படம் என்று கிருஷிகன் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

*

அவளை முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கார் அவளுக்கு முன்பே வந்து நின்றது. கிருஷிகன் யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிகம் படித்துவிட்டுப் பாரிஸுக்கு வந்து ஒரு பிரெஞ்சுப் பேக்கரியில் மாக் குழைத்துக்கொண்டிருந்த காலம். மிருணாளினி நாலு வயதில் வந்தவள். பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் வளர்ந்து, ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பெண் பார்க்கப் போனவனை ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றிப்போக வந்தவளும் அவள்தான். கடும் பச்சை நிறத்தில், லாச்சப்பல் ஒழுங்கை ஒன்றையே அடைக்கிற அகலத்தில், ஒரு பழைய அமெரிக்கக் கார்.

"இது டன்மோர்," என்றாள். ஒரு உறவினரை அறிமுகம் செய்கிற குரல்.

அதன்பிறகு டன்மோரின் வம்சாவளி முழுவதையும் அவன் கேட்டான். ஒஹாயோவில் குதிரை வண்டி செய்த இரண்டு சகோதரர்கள். ஒருவர் கணக்குப் பார்க்கிறவர், மற்றவர் சில்லுக் கட்டுகிறவர். அவர்கள் சண்டை பிடித்துப் பேச்சில்லாமல் இருந்த வருடங்களில்தான் கம்பனியின் மிக நல்ல கார்கள் வந்தனவாம். யுத்தகாலத்தில் அம்புலன்ஸ் செய்தார்கள். பிறகு மீன் செட்டை மாதிரிப் பின்பக்கம் வைத்த பெரிய கார்கள். பிறகு எண்ணெய் விலை ஏற, கம்பனி படுத்து, பெரிய கம்பனி ஒன்றின் கையில் போய், ஐரோப்பாவுக்கு வந்து கடை போட்டு, பத்து வருடம் முடிவதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. வாங்கியவர்கள் பாகத்துக்கு அலைந்தார்கள். அவர்கள் கூடித்தான் அந்தக் குழு.

அந்தச் சகோதரர்களின் பிறந்த ஊரும் அவர்கள் மனைவிமாரின் பெயரும் அவளுக்குத் தெரியும். கிருஷிகனின் ஐயாவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிப்பாள்.

அவனுக்குக் கார் ஓட்ட வராது என்றில்லை. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பிரெஞ்சுப் பெர்மியாக மாற்றுவதற்கு இருந்த தவணையை விட்டுவிட்டான். புதிதாகப் படித்து எடுக்க நேரமில்லை. நடுச்சாமம் தாண்டியதும் வேலைக்குப் போகிறவன், அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் வந்து படுப்பான். ஞாயிறு ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொது. ஞாயிறுகளில் அவள் ஓட்ட, அவன் முன் சீற்றைச் சாய்த்துப்போட்டு, பாரிஸைச் சுற்றியோடும் பெரிபெரிக் வீதியைத் தாண்டுவதற்குள் உறங்கிவிடுவான். கடலும் கோட்டைகளும் பூத்த கனோலா வயல்களும் அவனுக்குப் போய்ச்சேர்ந்த இடங்களாகத்தான் தெரியும். வழி தெரியாது.

அந்தக் காரை அவனுக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்களின் கார் குளிர்காலத்தில் சூடாகவும் வெயில்காலத்தில் குளிராகவும் இருக்கும். டன்மோர் ஆவணி மாதத்தில் ஹீற்றர் போடும். கண் விழித்தால் சேட்டு முதுகில் ஒட்டியிருக்கும், காலில் அடுப்படிக் காற்று அடிக்கும், நாலு கண்ணாடியும் இறக்கியிருக்கும்.

"இதென்ன விசர்க் கார்? இதை வித்துத் துலையும்."

"உங்களுக்கு நித்திரையிலை குளிருமெண்டு போட்டனான்."

"வெயிலுக்கை ஆருக்கடி குளிருது?"

அவள் குமிழைத் திருகி நிறுத்துவாள். வீடு அதற்குள் வந்திருக்கும்.

தனோஜன் பொண்டிப் புறநகரில் இருந்தான். வன்னியிலிருந்து வந்தவன், பார்சல் கொடுக்கிற வேலை. அவனிடமும் ஒரு டன்மோர் இருந்தது. பாகம் தேடி இரண்டு பேரும் கார் உடைக்கிற இடங்களுக்குப் போவார்கள். "உன்ரை மனுசியைப் பொண்டியிலை கண்டனான், கறாஜ் வாசல்லை நிண்டு தேத்தண்ணி குடிச்சவ," என்று பேக்கரியில் கூட வேலைசெய்கிற ஒருவன் சும்மா சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாணை அடுக்கினான். கிருஷிகன் அன்று மாவுக்கு உப்புப் போட மறந்தான்.

அவளிடம் அதை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதுதான் பயம்.

*

படம் வந்தது. மிதுசன் திறந்தான். திரை முழுவதும் விரிந்தது.

அவள் வட்டத்துக்குள் போட்டது பாதிப் படம்தான். முழுப் படத்தில் காரின் முன்பக்கம் இருந்தது, நெடுஞ்சாலை ஓரத்துப் புல் இருந்தது. கார்க் கண்ணாடியில் மரங்களின் நிழல் விழுந்து அசைவது போல இருந்தது.

"உள்ளை ஆரோ இருக்கினம் அண்ணை," என்றான் மிதுசன்.

கிருஷிகன் குனிந்தான். மர நிழலுக்கு அடியில், முன் சீற்றில், ஒரு தலை. சரிந்து, பாதி இருட்டில். ஆணின் தலை. மிருணாளினி அந்தத் தலையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதுவரை ஒருவன் என்றுதான் நினைத்திருந்தான். படம் எடுத்தவன் ஒருவன். உள்ளே கிருஷிகனுடைய சீற்றில், அவன் சாய்த்துவிட்ட சாய்வில் படுத்திருப்பவன் இன்னொருவன்.

"ஆரண்ணை?"

"தெரியாது."

"வெளிச்சத்தைக் கூட்டிப் பாக்கவோ?"

"வேண்டாம். அழி."

மிதுசன் அழித்தான். முதலில் தலை போனது, பிறகு சீற், பிறகு கார் முழுவதும். புல் போனது. தண்ணீர்க் கலனை வெட்டியபோது அவளுடைய கை முழங்கையோடு நின்றது. "தோளோடை நிப்பாட்டுவம்," என்று இன்னும் கொஞ்சம் வெட்டினான். இளநீல வானமும் இரண்டு வெள்ளைத் தாமரையும் வந்தன. மேலே கண்ணீர் அஞ்சலி. அவள் வெறும் வெளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வடிவா வந்திட்டுது," என்றான் மிதுசன்.

*

பார்வைக்கு வைத்த மண்டபத்தில் அவளுக்குக் கூறைச் சேலை உடுத்திக் குங்குமம் வைத்திருந்தார்கள். கூறையை எடுத்துக் கொடுத்தது அவன்தான். "சுமங்கலியாப் போறாள். குடுத்து வைச்சவள்," என்று பின்னால் ஒரு பெண் சொன்னா. அவன் வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டான். பொற்சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிந்திருந்தது. ஐயர் சொன்ன பக்கம் திரும்பினான், சொன்னபோது குனிந்தான். கையில் இருந்த வாய்க்கரிசியை எப்போது போட்டான் என்பது நினைவில்லை.

முற்றத்துக்கு வந்தபோது அங்கே மூன்று டன்மோர்கள் வரிசையாக நின்றன. பச்சை அவளுடையது. மாமியின் சொல்லுக்காக அதைக் கார்ஜிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். "அவளின்ரை கார் அவளுக்குப் பின்னாலை வரவேணும்," என்று மாமி ஒரே பிடியாக நின்றா. சாம்பல் நிறமும் சிவப்பும் குழுவில் உள்ள இரண்டு பெண்களுடையவை. ஆரெலி பள்ளிக்கூட ஆசிரியை, ஒல்லி. ஆன்-சோஃபி ஓய்வுபெற்ற தாதி, ஊன்றுகோலோடு. கறுப்பு உடுப்பில் இரண்டு பேரும் சிகரெட் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கதைத்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தான். கிட்டப் போனால் வாக்குவாதம்.

தன் கார் பிரித்தானிக்குப் போய்வந்த இத்தனை வருடத்தில் ஒருநாளும் காலை வாரவில்லை என்றாள் ஆரெலி. அது அதிர்ஷ்டம், டன்மோர் இல்லை என்றாள் மற்றவள். தன்னுடைய கழுதைக்கு மூன்றுமுறை கியர்ப்பெட்டி மாற்றியாயிற்று, ஆட்டுப்பட்டி மாதிரி உள்ளே மழை ஒழுகுகிறது.

"அப்படியானால் விற்றுவிடு."

"உன் புருஷனை நீ விற்றாயா?"

"அவனாகத்தான் போனான்."

இரண்டு பேரும் சிரித்து, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து, சிகரெட்டை மிதித்தார்கள். அப்போதுதான் ஆரெலி அவனைக் கண்டாள். இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தாள்.

"ஓ, நீங்கள்தானா? தூங்குகிறவர்!"

ஆன்-சோஃபி அவள் விலாவில் இடித்தாள். ஆரெலிக்கு முகம் சிவந்தது. "மன்னியுங்கள். மிரு அப்படித்தான்... அன்பாகத்தான் சொல்வாள்."

மிரு. அவன் ஒருநாளும் அவளை அப்படிச் சுருக்கியதில்லை. ஊர் பேர் தெரியாத பெண்களுக்கு அவள் மிரு. அவர்களுக்கு அவன் தூங்குகிறவர். அவனை வைத்து அவள் அங்கே சிரிப்புக் காட்டியிருக்கிறாள். வீட்டில் இத்தனை வருடத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் அந்தப் படத்தில் சிரித்ததுபோலச் சிரிக்கவில்லை.

பெட்டி சவ வண்டியில் ஏறியது. மாமியையும் மற்றவர்களையும் ஏற்றிய வான் அதன் பின்னால் நகர்ந்தது. பச்சைக் காரின் சாவியோடு தனோஜன் வந்து நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வாடகைக்கு எடுத்ததுபோல ஒரு கறுப்புக் கோட்டு.

"அண்ணை, ஏறுங்கோ. இது எல்லாருக்கும் ஸ்ராட் ஆகாது."

கிருஷிகன் முன் கதவைத் திறந்தான். சீற் அவன் விட்ட சாய்விலேயே கிடந்தது. போன ஞாயிறு விட்டது. நிமிர்த்தாமல் அப்படியே ஏறினான். வேட்டியோடு பாதி மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

*

மேம்பால மெத்ரோவுக்கு இந்தப்பக்கம், லாச்சப்பல் கடைகளுக்கு முன்னால், எல்லாம் நின்றுவிட்டது. சவ வண்டியும் வானும் சிக்னலைத் தாண்டிவிட்டன. இவர்களுக்கு முன்னால் ஒரு லொறி நடுத்தெருவில் நின்று பலாக்காய்ப் பெட்டி இறக்கியது. வெளியே நல்ல வெயில். கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற ஒரு மனுசி வேட்டியோடு படுத்திருப்பவனைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனா.

"அவை நிப்பினம் அண்ணை. நீங்கள் இல்லாமல் அங்கை ஒண்டும் துவங்காது."

"ம்."

தனோஜனின் கண் தெருவில் இல்லை, முன்பலகையில் இருந்தது. அங்கே ஒரு ஊசி மெல்ல வலப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கையை நீட்டினான். பிறகு இழுத்துக்கொண்டான்.

"என்ன?"

"எஞ்சின் கொதிக்குது. ஓடேக்கை பிரச்சினை இல்லை, நிண்டால் கொதிக்கும். முன்னுக்கு இருக்கிற காத்தாடி சுத்தாது. அதின்ரை பாகம் இப்ப எங்கையும் இல்லை." ஹீற்றர்க் குமிழில் கை வைத்தான். "குறை நினையாதேங்கோ, கொஞ்ச நேரம் ஹீற்றர் போடவேணும். எஞ்சின்ரை சூட்டை இஞ்சாலை இழுக்கும். அக்கா உப்பிடித்தான் வீடு வரைக்கும் கொண்டுபோறவ."

ஹீற்றர் இரைந்தது. கிருஷிகனின் காலில் அந்தப் பழைய அடுப்படிக் காற்று அடித்தது.

"எப்ப?" என்றான்.

"என்னண்ணை?"

"எப்ப உப்பிடிக் கொண்டுபோனவ?"

தனோஜன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதே? எப்பவும்தான். கொதிச்சால் ஓரமா நிப்பாட்டிப்போட்டு எனக்குப் போன் அடிப்பா. நான் தண்ணியும் குழாயும் கொண்டு ஓடுவன். சிலநேரம் ஆரெலி வருவா."

"நான் இருந்தனான்தானே."

"ஓமண்ணை. நீங்கள் நித்திரை."

லொறிக்காரன் அடுத்த பெட்டியை எடுத்தான். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"எழுப்பியிருக்கலாம்," என்றான் கிருஷிகன்.

"நானும் சொன்னனான். 'எழுப்பினால் காரை வில் எண்டுவார். அதோடை, வீட்டிலை பகல் வெளிச்சத்துக்கை புரண்டு புரண்டு கிடக்கிற மனுசன், இதுக்கை ஏறினாத்தான் நல்லா நித்திரை கொள்ளுறார்' எண்டவ. பொனற்றைக்கூட ஓசைப்படாமல் சாத்தச் சொல்லுவா." தனோஜன் மூக்கை உறிஞ்சினான். "கொஞ்சம் பலமாச் சாத்தினனெண்டு எனக்கு ஒருநாள் ஏச்சு."

கிருஷிகன் கூரையைப் பார்த்தான். துணி ஓரிடத்தில் பிரிந்து தொங்கியது. அதை யாரோ குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். அத்தனை ஞாயிறும் அதற்குக் கீழேதான் கிடந்திருக்கிறான். இன்றுதான் காண்கிறான்.

"அந்தப் படம்," என்றான். "அதிலை அவ ஆரைப் பாத்துச் சிரிக்கிறா?"

தனோஜனின் வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "உங்களைத்தான் அண்ணை. கடலுக்குப் போட்டு வரேக்கை. தண்ணி விட்டு முடிச்சு, புதுக் குழாய் போட்டு, அக்கா கலனோடை நிக்கிறா. நீங்கள் உள்ளையிருந்து, பேக்கரியிலை நிக்கிற மாதிரிப் பெலத்த சத்தமா, 'உய் ஷெஃப்! ரெண்டு நிமிசம் ஷெஃப்! பாண் வருது!' எண்டு கத்திப்போட்டு, திரும்ப ஒரு குறட்டை. நான் போனை எடுத்தன். பிறகு, 'வாய் திறந்தபடி கிடக்கிறார், ஆளைப் போடக்கூடாது, பாவம்' எண்டு தானே அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டுத்தான் வைச்சவ." கொஞ்சம் நிறுத்தினான். "முழுப்படமும் அனுப்பினனானே. உள்ளை கிடக்கிறது நீங்கள்தான். தெரியேல்லையோ?"

வியர்வை கிருஷிகனின் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தில் வழிந்தது.

"எவ்வளவு நேரம் நிண்டனியள்?"

"அண்டைக்கோ? வெயில் தாழுமட்டும்."

வெயில் தாழுமட்டும். புல்லில் இருந்திருப்பார்கள். அவள் ஒஹாயோ சகோதரர்களின் சண்டையைச் சொல்லியிருப்பாள், தனோஜன் கேட்டிருப்பான். தாகமெடுத்திருக்கும். பொழுது சாய்ந்து வெளிச்சம் மஞ்சளாகி அவள் முகத்தில் விழுந்திருக்கும். பக்கத்தில் வீங்கிய கண்ணோடு ஸ்ரியறிங்கைப் பிடித்திருப்பவனை அவன் பார்த்தான். அந்தப் பொடியன் எதையும் திருடவில்லை. விழித்திருந்தான், அவ்வளவுதான். அதற்காகவே அவனை வெறுக்க முடியும் போல இருந்தது.

லொறி நகர்ந்தது. கார் நாலைந்து கடை தூரம் உருண்டு மறுபடி நின்றது.

வலப்பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் இரும்புக் கதவில், நேற்றைய பசையின் சுருக்கங்களோடு, மூன்று மிருணாளினிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தார்கள். இளநீல வானம். தாமரை. தோளோடு நின்றுபோன கை. மல்லாந்து கிடந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அவளுடைய தலை கொஞ்சம் சரிந்து, பார்வை கண்ணாடிக்குள் நேராக வந்து விழுந்தது.

தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றார்கள். "ஆரடி இது, சின்ன வயசு? என்ன வடிவாச் சிரிக்குது," என்றாள் ஒருத்தி. மற்றவள் பெயரை வாசித்தாள்.

"ஊசி இறங்குதில்லை," என்றான் தனோஜன் தனக்குள். கோட்டைக் கழற்றப் பார்த்தான், கை மாட்டிக்கொண்டது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. "வேர்த்துக் கொட்டுது அண்ணை உங்களுக்கு. குறைக்கவோ?"

கிருஷிகன் கையை நீட்டி ஹீற்றரின் குமிழைத் தொட்டான். அது சுட்டது. பிடி தேய்ந்து வழுவழுத்திருந்தது. அதைக் கடைசி மட்டும் திருகினான். காற்று இன்னும் பலமாக இரைந்தது. இரும்புக் கதவில் ஒரு தாளின் மூலை எழும்பிப் படிந்தது.

முன்னால் சிக்னல் பச்சையானது. பிறகு அவன் சீற்றுக்குப் பக்கவாட்டில் இருந்த நெம்புகோலைத் தடவிக் கண்டுபிடித்து இழுத்தான். சீற் ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது.